75 கோடி ஆண்டுகளைக் கடக்கும் சாலை

ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். போக்ரான் வழியாகப் பேருந்தில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். சுற்றுலா போகிறவர்களில் பாதிப்பேர் இந்த வழியில் தூங்கிவிடுவார்கள். ஜெய்சால்மரையும் தாண்டி 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேடுகளில்தான் பாலைவனம் ஆரம்பிக்கிறது என்பது அவர்கள் கணக்கு. வழியில் இருப்பது சரளைக்கல், முட்செடி, ஆட்டுமந்தை. அதில் என்ன பார்க்க என்று கேட்பார்கள். ஆனால் விஷயமெல்லாம் அந்த வழியில்தான் கிடக்கிறது. இங்கே பாறைகள் கிழக்கிலிருந்து மேற்காக, மூத்தது முன்னால், இளையது பின்னால் என்று ஏறக்குறைய வரிசைப்படி தரைக்கு மேல் தலைகாட்டுகின்றன. ஜோத்பூரில் காலடியில் இருக்கும் பாறைக்கு வயது சுமார் 75 கோடி ஆண்டு. அதற்கும் சம் மணலுக்கும் நடுவில் எரிமலை, கடல், பனியாறு, காடு, மறுபடியும் கடல் எல்லாம் இங்கே வந்து போயிருக்கின்றன.

பாலைவனம் என்றாலே காற்றின் கைவேலை என்று எடுத்துக்கொள்கிறோம். தார் பாலைவனத்தில் காற்று கடைசியாக வந்து சேர்ந்த ஆள். தொடக்கத்து எரிமலையைக் கழித்துவிட்டால், மற்ற வேலையில் பெரும்பங்கு தண்ணீருடையது. இன்று காற்று அள்ளிக் குவிக்கும் மணலைக்கூட முதலில் சுமந்துவந்து கொட்டியது ஆறுதான்.

ஜோத்பூரின் மெஹ்ரான்கட் கோட்டையை 1459-இல் ராவ் ஜோதா கட்டத் தொடங்கினார். அது நிற்கும் குன்று ரயோலைட் என்ற எரிமலைப் பாறை. மும்பை, புணே பக்கம் பார்க்கிற கருநிற பசால்ட், நீர்த்து ஓடிப் பரவிய குழம்பிலிருந்து உண்டானது. ரயோலைட் வேறு ஜாதி. சிலிக்கா மிகுந்த கெட்டிக் குழம்பு. சுலபத்தில் ஓடாது, உள்ளேயே வாயுவை அடைத்து வைத்து வெடிக்கும். இப்படி வெடித்தும் வழிந்தும் உண்டான மலானிப் பாறைத்தொகுதி மேற்கு ராஜஸ்தானில் 50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது. விழுந்த சாம்பல் தன் சூட்டிலேயே ஒட்டி இறுகிப் பாறையான இடம் ஒன்றை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஜோத்பூரில் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

கோட்டையின் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. 2006-இல் அதை உருவாக்கத் தொடங்கியபோது குன்று முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது, நம் ஊர்க் கண்மாய்களில் நிற்கும் அதே சீமைக்கருவேலம். வெட்டினால் துளிர்க்கும், வேரோ ரயோலைட்டின் வெடிப்புக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் அந்த ஊர்க் கல்லுடைப்பவர்களான கந்த்வாலியாக்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டு, எங்கே கெட்டி, எங்கே வெடிப்பு என்று சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு, சரியான இடத்தில் உளி வைத்து, வேரைக் கிழங்கோடு எடுத்தார்கள். பாறையியல் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் காது உண்டு என்று எனக்குச் சந்தேகம்.

அதே மலையடியில் இன்னொரு இடம் இருக்கிறது. அதுவும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்தான். கீழே ரயோலைட், அதன் மேல் நேராக மணற்கல் படிந்திருக்கும் இடம். இரண்டும் சேரும் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால், சுண்டுவிரல் எரிமலை மேல் இருக்கும், கட்டைவிரல் நீர்க்கரை மேல் இருக்கும். நடுவில் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளைக் காணோம். அந்தக் காலமெல்லாம் எரிமலைகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்துகொண்டிருந்தன. சேர்ந்ததைவிடக் கரைந்தது அதிகம் என்பதால் கணக்கேட்டில் ஒரு வரியும் மிச்சமில்லை. பிறகு தண்ணீர் வந்தது. ஜோத்பூர் மணற்கல் ஆற்றுமுகத்திலும் ஆழமில்லாத கடற்கரையிலும் படிந்த மணல். சூர்சாகர் பக்கத்துக் கல்குவாரிகளில் பிளந்தெடுக்கும் பலகைகளில், வடியும் அலை ஈரமணலில் விட்டுப்போகும் வரிகள் அப்படியே இருக்கின்றன. ஓடும் கூடும் உள்ள பிராணிகள் உலகில் தோன்றியிராத காலம் அது. ஈரமணலின் மேல் நுண்ணுயிர்கள் படர்ந்த பாசிப் படலத்தின் சுருக்கங்களைக்கூடச் சில பலகைகளில் பார்க்கலாம். ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனை கட்டப்பட்டது இந்த மணற்கல்லில்தான்.

அந்தக் கடல் ஒழுங்காகத் திரும்பிப் போகவில்லை. வடக்கே நாகௌரிலிருந்து ஹனுமான்கட், கங்காநகர் வரை உள்ள தாழ்நிலத்தில் அடைபட்டு, வற்றி, நிரம்பி, மறுபடி வற்றியது. இன்று அங்கே தரைக்கு அடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில் கட்டி கட்டியாக உப்புப் படுகைகள் இருக்கின்றன. இடையிடையே பொட்டாஷும் உண்டு. மளிகைக் கடையில் இந்துப்பு என்று இளஞ்சிவப்பாக விற்கிறார்களே, அது பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் வெட்டி எடுப்பது. அந்த உப்பும் இந்த உப்பும் ஏறக்குறைய ஒரே காலத்துச் சரக்கு என்று புவியியலாளர்கள் ஒப்பிடுகிறார்கள்.

நேர் சாலையை விட்டு வடக்கே ஒதுங்கினால் பலோடி. 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்தியாவில் அளந்து பதிவு செய்த வெப்பநிலையில் இதுவே அதிகம். பலோடியை அடுத்துள்ள பாப் கிராமத்தின் பெயரில் ஒரு பாறை அடுக்கு இருக்கிறது. களிமண்ணும் மணலும் கலந்த படிவத்துக்குள் கூழாங்கல் முதல் பாறாங்கல் வரை எல்லா அளவிலும் கற்கள் தாறுமாறாகப் பதிந்திருக்கின்றன. ஆறு கொண்டுவந்திருந்தால் பெரிது சிறிது என்று பிரித்துப் போட்டிருக்கும். இங்கே பிரிப்பே இல்லை. கற்களின் பக்கங்கள் பட்டையாகத் தேய்ந்திருக்கின்றன, சிலவற்றில் இணை இணையாகக் கீறல்கள். பனியாறு ஒன்று கற்களைத் தன் அடியில் உறையவைத்து, தரையோடு தேய்த்து இழுத்துக்கொண்டு போனால் மட்டுமே இப்படி ஆகும். அவற்றில் மலானி ரயோலைட்டும் உண்டு. ஜோத்பூர்ப் பக்கத்து எரிமலையை உடைத்துச் சுமந்துவந்திருக்கிறது பனி. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தின் ஒரு துண்டாகத் தென்துருவத்துக்கு அருகே கிடந்தது. நாட்டிலேயே அதிகமாகக் கொதித்த ஊரும் பனியாறு கல் கொட்டிய ஊரும் அக்கம்பக்கமாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் இதைப் பலோடிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் போடலாம். இப்போது பாப் பக்கத்துத் தரிசு நிலத்தில் பத்லா சூரிய மின்பூங்காவின் கண்ணாடித் தகடுகள் அடிவானம் வரை பரந்து கிடக்கின்றன.

போக்ரானைக் கடந்து ஜெய்சால்மர் போகும் வழியில் லாட்டி என்று ஒரு சின்ன ஊர் வரும். 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆற்றுமணல் இறுகிய பாறைக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த ஆறுகளின் கரையில் காடு இருந்ததற்குச் சாட்சி, ஜெய்சால்மருக்குத் தெற்கே பாட்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் இருக்கும் ஆகல் கல்மரப் பூங்கா. 21 ஹெக்டேர் வெட்டவெளியில் அடிமரங்கள் விழுந்தபடியே கல்லாகிக் கிடக்கின்றன. பெரியதன் நீளம் 13.4 மீட்டர். நம் திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஆனால் திருவக்கரை மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி, ஆகல் மரங்களுக்கு அதைப்போல் ஒன்பது மடங்கு. வெள்ளம் அடித்துவந்து புதைத்த மரத்தை, மக்கவிடாமல், கரைந்த சிலிக்காவோடு ஊறிய தண்ணீர் செல் செல்லாகக் கல்லாக மாற்றியிருக்கிறது. அருகில் குனிந்து பார்த்தால் மரத்தின் ரேகை தெரியும். தட்டினால் கல்லின் ஓசை. வேலிக்குள் தகரக் கூரையும் இரும்புக் கூண்டும் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். பார்க்க அழகாக இல்லைதான். கூண்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டாக ஊருக்குப் போயிருக்கும்.

லாட்டி மணற்கல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் நுண்துளைகளில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை சேர்ந்திருக்கிறது. ஜெய்சால்மர் வட்டாரத்தில் நல்ல தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறுகளில் பல இதைத்தான் உறிஞ்சுகின்றன. இந்த மாவட்டத்தின் ஆழத்தில், களிமண் அடுக்குகளுக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட தண்ணீரும் உண்டு. 2024 டிசம்பர் கடைசியில் மோகன்கட் அருகே ஒரு வயலில் துளை போட்டபோது தண்ணீர் பீறிட்டு எழுந்து வயலை மூழ்கடித்தது. துளைபோடும் எந்திரம் பொருத்திய லாரி குழிக்குள் அமிழ்ந்துபோனது. சரஸ்வதி வெளிப்பட்டுவிட்டாள் என்று தொலைக்காட்சிகள் கூவின. மேலே இறுகிய களிமண் மூடியைத் துளைத்ததால் அழுத்தம் விடுபட்டிருக்கிறது, இது புராண நதியைவிட வெகு பழைய அடுக்கின் தண்ணீர் என்றார்கள் நிலத்தடிநீர் வல்லுநர்கள். அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு.

ஜெய்சால்மர் வந்ததும் மறுபடி கடல். இம்முறை கணக்கு சுத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உயிர்கள் ஏராளம். ராவல் ஜெய்சல் 1156-இல் எழுப்பிய பொற்கோட்டை மணற்கல்லால் ஆனது என்று வழிகாட்டிகளும் பல புத்தகங்களும் சொல்கின்றன. ஊரின் பெயர்பெற்ற மஞ்சள் கல்லில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். கோட்டைச் சந்துகளில் சிற்பத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரையும் படிக்கட்டையும் கிட்டத்தில் பாருங்கள். சிப்பித் துண்டுகளும் ஓட்டு நொறுங்கல்களும் கல்லுக்குள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். சுறாக்கள் இருந்தன. கரையில் டைனோசர்கள் நடமாடின. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தினர் 2018-இல் கண்டெடுத்த எலும்புகளை ஐ.ஐ.டி. ரூர்க்கி ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2023-இல் நீள்கழுத்து டைனோசர் இனம் ஒன்றை அறிவித்தார்கள். பெயர் தாரோசாரஸ் இண்டிகஸ், வயது 16.7 கோடி ஆண்டு. அந்தக் குடும்பத்தில் உலகில் இதுவரை கிடைத்தவற்றில் இதுதான் மூத்தது.

அந்தக் கோட்டைக்கு இன்று தொல்லை தருவதும் தண்ணீர்தான். கோட்டை நிற்பது நீரில் படிந்த, அவ்வளவு உறுதியில்லாத பாறைக் குன்றின் மேல். குடம் தூக்கிப் புழங்கிய காலம் வரை ஒன்றும் ஆகவில்லை. குழாய்த் தண்ணீரும் தங்கும் விடுதிகளின் குளியலறைகளும் வந்த பிறகு, கசிவு அடியில் இறங்கிக் குன்று இளகியது. கொத்தளங்கள் சில சரிந்தன.

தெற்கே பாட்மேரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியா வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது நிலம் அங்கே நீளவாட்டில் பிளந்து உள்வாங்கியது. பள்ளத்தில் ஏரிகள் தேங்கின, பாசி செழித்தது, செத்துப் படிந்தது, புதைந்து வெந்து எண்ணெய் ஆனது. 2004-இல் கண்டுபிடித்த மங்களா எண்ணெய் வயலின் எண்ணெய் மெழுகுபோல் உறையும் தன்மை கொண்டது. ஏரிப் பாசியிலிருந்து வந்த எண்ணெயின் அடையாளம் அது. அதனால் குஜராத் கடற்கரை வரை வழிநெடுகச் சூடாக்கியே குழாயில் கொண்டுபோகிறார்கள். அடுத்து வந்த சதுப்புக் காடுகள் பழுப்பு நிலக்கரியாயின. பீகானேர் அருகே பர்சிங்சரில் அந்த நிலக்கரியை வெட்டி மின்சாரம் எடுப்பது நம் நெய்வேலி நிறுவனம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவில் மோதி இமயம் எழத் தொடங்க, ராஜஸ்தானை நனைத்த கடைசிக் கடலும் மெல்ல வெளியேறியது.

இமயம் எழுந்ததோடு மணல் வியாபாரம் தொடங்கியது. மலையை அரைத்துக் கொண்டுவந்த சிந்துவும் அதன் துணையாறுகளும் சமவெளியில் கொட்டின. தார் மணல்மேடுகளின் பரல்களை ஆராய்ந்தவர்கள் அவற்றில் பெரும்பங்கு சிந்து நதியின் மணல் என்று கண்டிருக்கிறார்கள். கோடைக்காலத் தென்மேற்குக் காற்று அதைச் சிந்துச் சமவெளியிலிருந்தும் கழிமுகத்திலிருந்தும் வடகிழக்காகத் தள்ளிவந்தது. இன்று மணல் மூடிய பீகானேர்ப் பக்கத்தில் நால் என்ற இடத்தில் 1,72,000 ஆண்டுகளுக்கு முன் ஆறு ஓடியதை, அது விட்டுப்போன மணலுக்கும் சரளைக்கும் தேதி குறித்து 2020-இல் உறுதி செய்தார்கள்.

மணலுக்கு எப்படித் தேதி குறிப்பது? குவார்ட்ஸ் பரலின் படிகத்தில் சிறு குறைகள் இருக்கும். சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கம் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட, அவை அந்தக் குறைகளில் சிக்கிக்கொண்டே போகும். வெயில் பட்டால் எல்லாம் விடுபட்டுவிடும். மேலே புது மணல் விழுந்து மூடி இருட்டானதும் சிக்குவது புதிதாகத் தொடங்கும். ஆகவே மணல்மேட்டுக்குள் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் எடுத்துவந்து, மங்கிய சிவப்பு விளக்கில் பிரித்து, சூடாக்கியோ ஒளி பாய்ச்சியோ தூண்டினால், சிக்கியவை விடுபடும்போது பரல் ஒளிரும். அந்த ஒளியை அளந்தால் பரல் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று தெரிந்துவிடும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் அசோக் சிங்வியும் கூட்டாளிகளும் ராஜஸ்தான் மணல்மேடுகளை இப்படிக் கணித்து 1982-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மணல்மேடுகளுக்கு இந்த முறையில் வயது கண்ட முன்னோடி வேலைகளில் அது ஒன்று.

கிடைத்த விடை எல்லோரும் எதிர்பார்த்ததற்கு எதிர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் பருவமழை மெலிந்து வறட்சி கொடுமையாக இருந்தது. மணல்மேடுகள் அப்போதுதான் வளர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். வளரவில்லை. பனியுகம் விலகி, பருவமழை மீண்டு வரத் தொடங்கிய இடைக்காலத்தில்தான் மேடுகள் மளமளவென்று குவிந்தன. காரணம் எளிது. இங்கே மணலைத் தள்ளும் காற்றும் மழையைக் கொண்டுவரும் காற்றும் ஒன்றே. பருவமழை செத்திருந்தால் காற்றும் செத்திருக்கும். மழை முழுவதும் திரும்பிவிட்டால் புல் முளைத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். காற்று வந்துவிட்டது, புல் இன்னும் வரவில்லை என்ற அந்த நடு நேரம்தான் மணல்மேட்டின் காலம்.

இந்த இழுபறி ஒருமுறை நடந்ததல்ல. தீட்வானா ஊருக்குப் பக்கத்தில் ஒரு மணல்மேட்டை 18 மீட்டருக்கு மேல் ஆழமாக வெட்டிப் பார்த்தார்கள். மணல், அதன்மேல் சுக்கான் கட்டிய மண், மறுபடி மணல், மறுபடி சுக்கான். நிலம் சற்றே ஈரப்பட்டு மேடு அசையாமல் நின்ற காலங்களில் சுக்கான் பிடித்திருக்கிறது. இடையிடையே பழைய கற்கால மனிதர்களின் கருவிகள். அடியில் உள்ள மணலுக்கு வயது ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல். மேய்ச்சலால் மனிதன் உண்டாக்கிய பாலைவனம் இது என்று 1960-களில் ஒரு வாதம் இருந்தது. இந்த ஒரு குழி அதை முடித்துவைத்தது என்பேன்.

ஆரவல்லி மலை காற்றுக்கு இணையாகப் படுத்திருப்பதால் மழை இல்லை என்று பள்ளியில் படித்தோம். அது பாதிக் காரணம். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இங்கே தரையை ஒட்டி மெல்லிய அடுக்காகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் மேற்கிலிருந்து வரும் வறண்ட சூடான காற்று மூடிபோல் அமர்ந்து, மேகம் உயர விடுவதில்லை. இந்த மூடி சற்று நகர்ந்த காலமும் உண்டு. இன்று உப்பளமாகக் கிடக்கும் லூண்கரன்சர் பள்ளத்தில் ஒருகாலத்தில் ஏரி நின்றது. அது ஏறக்குறைய 5,500 ஆண்டுகளுக்கு முன் வற்றியது என்று 1999-இல் யெஹூதா என்செல் குழுவினர் காட்டினார்கள். ஹரப்பா பெருநகரங்கள் தழைத்தது அதற்கும் பல நூற்றாண்டு கழித்து. ஏரி வற்றியதால் ஹரப்பா அழிந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஏரிகளும் ஆழமில்லாத நிலத்தடி நீரும் ஆவியாகி விட்டுப்போன சொத்து ஜிப்சம். பல இடங்களில் அது களிமண்ணோடு சேர்ந்து மணலுக்கு அடியில் கெட்டியான தட்டாகப் படிந்திருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, கீழே உள்ள உவர்நீரோடு கலக்கமுடியாமல் அந்தத் தட்டின் மேல் ஈரமாக நிற்கும். பாலைவனத்து மக்கள் அந்த ஈரமணலுக்குள் ஆள் உட்காரும் அளவே அகலமுள்ள குறுங்கிணறு தோண்டுவார்கள். குயின் என்று பெயர். நாளுக்கு இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீர் கசியும். தட்டு இல்லாத ஊரில் குயினும் இல்லை.

பொறியாளர்களுக்கு அதே தட்டு எதிரியானது. பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாயின் பாசனம் ஹனுமான்கட், கங்காநகர்ப் பக்கத்தில் பரவியதும், வயலில் பாய்ச்சிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் தேங்கி, நிலம் சதுப்பாகி உப்புப் பூத்தது. 2006 ஆகஸ்டில் பாட்மேரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகமாகச் சில நாளில் கொட்டியது. கவாஸ் கிராமம் மூழ்கியது, பாலைவனத்தில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள், மாவட்டத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மழை நின்ற பிறகும் தண்ணீர் போகவில்லை. அடியில் ஜிப்சமும் களிமண்ணும் இருந்ததால், கவாஸில் வெள்ளம் வடியப் பல மாதங்கள் ஆயின.